பாட்டியின் நினைவும் 46 சென்டிமார்கனும்: டிஎன்ஏ உறவுப் பட்டியலைப் படிக்கும் முறை

குழாயில் எச்சில் துப்பி அனுப்பியாகிவிட்டது. சில வாரம் கழித்து மின்னஞ்சல் வருகிறது. திறந்தால், தென்னிந்தியா இத்தனை விழுக்காடு என்று வண்ணம் பூசிய ஒரு வரைபடம். வீட்டில் எல்லோருக்கும் காட்டிச் சிரித்துவிட்டு அதை மூடிவிடலாம். குடும்ப வரலாறு தேடுகிறவருக்கு வேலை இருப்பது அடுத்த பக்கத்தில். உங்களோடு டிஎன்ஏ பகிர்ந்துகொள்ளும் ஆட்களின் பட்டியல் அங்கேதான் இருக்கிறது. டர்பனில் ஒருவர், டொரண்டோவில் நால்வர், கோலாலம்பூரில் ஒருவர், லண்டனில் பத்துப் பேர். ஒருவரையும் தெரியாது. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு எண்.

அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை. ஆங்கிலத்தில் இதற்கு வழிகாட்டிகள் நிறைய உண்டு. ஆனால் பெரும்பாலும் சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யாத குடும்பங்களை மனத்தில் வைத்து எழுதியவை. மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டிய வீட்டுக்கு அதே கணக்கைப் போட்டால் விடை தப்பும். நான் அப்படிப் போட்டு ஒன்றரை வருடம் வீணாக்கியவன். அந்தக் கதை பின்னால் வரும்.

முதலில் தாள், பிறகு கணினி

பட்டியலைத் திறப்பதற்கு முன் வீட்டுப் பெரியவர்களிடம் உட்காருங்கள். நீங்கள், அப்பா அம்மா, நான்கு தாத்தா பாட்டிகள், எட்டுப் பூட்டன் பூட்டிகள் என்று பெரிய தாளில் வரையுங்கள். எட்டுப் பேரில் ஐந்து பேருக்காவது பெயர் கிடைத்தால் நல்ல தொடக்கம்.

பெயரை மட்டும் நம்பினால் குழம்பும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் நமக்கு. பேரன் என்ற சொல்லே ‘பெயரன்’ தான். என் வீட்டில் நான்கு தலைமுறையில் மூன்று முனுசாமிகள். அதனால் ஆளுக்கு ஓர் எண் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் பிறந்த ஊர், வாழ்க்கைப்பட்ட ஊர், குலதெய்வம் மூன்றையும் எழுதுங்கள். அப்புறம் சொந்தத்தில் நடந்த கல்யாணம் ஒவ்வொன்றுக்கும் சிவப்புப் பேனாவில் இரட்டைக் கோடு. இந்தச் சிவப்புக் கோடுகள்தான் பின்னால் உங்களைக் காப்பாற்றும்.

குலதெய்வம் எதற்கு என்று கேட்பீர்கள். இந்தத் தளங்களில் ‘ஒரே குடும்பப் பெயர்’ என்று தேடித் தரும் வசதி உண்டு. நமக்கு அது உதவாது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நம் அப்பா பெயர் இருக்கும். அண்ணன் பிள்ளைக்கும் தம்பி பிள்ளைக்கும் வேறு வேறு குடும்பப் பெயர் விழும். குலதெய்வம் அப்படி இல்லை, பங்காளிகள் எல்லோருக்கும் ஒன்றுதான். மூன்று தலைமுறையாகத் தமிழ் பேசாத வீட்டில்கூடச் சாமி பெயர் தங்கியிருக்கும்.

எண் என்ன சொல்கிறது

அந்த எண்ணின் அலகு சென்டிமார்கன். சுருக்கி ‘சிஎம்’ என்று போட்டிருப்பார்கள்; முதலமைச்சருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இருவருக்கும் பொதுவாக இருக்கிற டிஎன்ஏ துண்டுகளை அளந்து கூட்டிய மொத்தம் அது. உங்களுக்கும் உங்கள் அம்மாவுக்கும் இடையே ஏறத்தாழ 3,400 முதல் 3,600 வரை வரும், நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் மாறும். 23அண்ட்மீ என்ற சோதனை நிறுவனம் விழுக்காட்டில் காட்டினால் 1 விழுக்காட்டுக்கு ஏறத்தாழ 74 சென்டிமார்கன் என்று பெருக்கிக்கொள்ளுங்கள்.

பிளெய்ன் பெட்டிங்கர் என்ற அமெரிக்க வம்சாவளி ஆய்வாளர் 2015 முதல் ஆயிரக்கணக்கானவர்களிடம் இந்த எண்களைக் கேட்டு வாங்கித் தொகுத்தார். 2020-இல் வந்த நான்காம் பதிப்பில் ஏறத்தாழ 60,000 உறவுகளின் கணக்கு இருக்கிறது. டிஎன்ஏ பெயின்டர் என்ற தளத்தில் உங்கள் எண்ணைப் போட்டால் இந்தத் தொகுப்பை வைத்து என்னென்ன உறவாக இருக்கலாம் என்று காட்டும். அதிலிருந்து சில சராசரிகளை நம் உறவுமுறையில் சொல்கிறேன்.

உடன்பிறந்தவர் என்றால் 2,613. தாத்தா பாட்டி, மாமா, அத்தை, சித்தப்பா, ஒரு பெற்றோர் மட்டும் பொதுவான அண்ணன் தம்பி — இவர்கள் எல்லோரும் 1,750-ஐ ஒட்டியே வருவார்கள், எண்ணை வைத்துப் பிரிக்க முடியாது. சித்தப்பா மகன், மாமன் மகள், பெரியம்மா மகன் என்றால் 866. ஆனால் 396 முதல் 1,397 வரை எங்கு வேண்டுமானாலும் விழலாம். அப்பாவின் அத்தை மகன் 433. தாத்தாவின் தம்பி பேரன் 229. பூட்டனின் தம்பியின் கொள்ளுப்பேரன் 73, அந்த உறவில் 0 முதல் 234 வரை பதிவாகியிருக்கிறது. அதாவது அவ்வளவு தூரத்தில் உண்மையான சொந்தமாக இருந்தும் பத்தில் ஒருவர் உங்கள் பட்டியலில் வராமலே போகலாம். இன்னும் ஒரு தலைமுறை தள்ளிப் போனால் பாதிப் பேர் வரமாட்டார்கள். ‘பட்டியலில் இல்லை, அதனால் சொந்தம் இல்லை’ என்று யார் முகத்திலும் சொல்லிவிடாதீர்கள்.

டிஎன்ஏவுக்கு அத்தை மகன் வேறு, பெரியப்பா மகன் வேறு என்று தெரியாது. ஒருவரைக் கட்டலாம், இன்னொருவர் அண்ணன் முறை என்பதெல்லாம் நம் கணக்கு. ஒரே ஒரு சிறு உதவி உண்டு. ஆணுக்கு எக்ஸ் குரோமோசோம் அம்மாவிடமிருந்து மட்டுமே வரும். நீங்கள் ஆணாக இருந்து, ஒரு மேட்சோடு (பட்டியலில் வருகிறவரை அப்படித்தான் சொல்வார்கள்) எக்ஸில் நீளமான துண்டு ஒன்று பொதுவாக இருந்தால், அந்தத் துண்டு அம்மா வழியில் வந்தது.

அக்காள் மகளைக் கட்டினால் கணக்கு என்ன ஆகும்

இந்த இடத்தில் நிதானமாக நில்லுங்கள். ஆங்கில வழிகாட்டிகள் ஓரிரு வரியில் தாண்டிப் போகிற இடம் இதுதான்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். உங்கள் அப்பா தன் அக்காள் மகளைக் கட்டியிருக்கிறார். அப்பாவுக்கு ஒரு தம்பியும் உண்டு. அந்தச் சித்தப்பா வெளியில் பெண் எடுத்து, அவருக்கு ஒரு மகன். சித்தப்பா மகன் என்றால் சராசரி 866. ஆனால் அவன் உங்கள் அம்மாவுக்கும் மாமன் மகன் அல்லவா? அம்மாவின் மாமன் மகன் என்ற வகையில் இன்னொரு 433. கூட்டினால் 1,299. இரண்டு வழியிலும் வந்த துண்டுகள் ஒரே இடத்தில் விழுந்தால் ஒருமுறைதான் எண்ணப்படும், அதனால் உண்மையில் கொஞ்சம் குறைந்து 1,200-ஐ ஒட்டி நிற்கும் என்று வையுங்கள்.

இப்போது அந்த 1,200-ஐ டிஎன்ஏ பெயின்டரில் போட்டுப் பாருங்கள். ‘ஒரு பெற்றோர் மட்டும் பொதுவான சகோதரர்’ என்பதும் விடைகளில் ஒன்றாக வந்து நிற்கும். அந்த உறவுக்குப் பதிவான கீழ் எல்லை 1,160. எண்ணை மட்டும் பார்த்த பிள்ளை, தன் அப்பாவுக்கு வேறு குடும்பம் இருந்ததோ என்று இரவெல்லாம் தூங்காமல் கிடப்பான். அப்பா செய்தது அக்காள் மகளைக் கட்டியது மட்டும்தான்.

மாமன் மகளைக் கட்டிய வீட்டிலும் இதே கதை, கொஞ்சம் சின்ன அளவில். உங்கள் அப்பாவின் அம்மாவும் அம்மாவின் அப்பாவும் உடன்பிறந்தவர்கள். அவர்களுக்கு மூன்றாவதாக ஒரு தங்கை. அந்தத் தங்கையின் பேரன் உங்களுக்கு அப்பா வழியிலும் ஒருமுறை, அம்மா வழியிலும் ஒருமுறை அதே தூரத்தில் சொந்தம். 229 வர வேண்டிய இடத்தில் 450 வரை வரும். தளம் அவரை ஒரு தலைமுறை நெருக்கமாகக் காட்டும்.

உங்கள் பெற்றோர் ஒருவருக்கொருவர் எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்பதை உங்கள் டிஎன்ஏவிலேயே பார்க்கலாம். வேறு நிறுவனத்தில் செய்த சோதனை முடிவை ஏற்றி ஒப்பிடும் ஜெட்மேட்ச் தளத்தில் ‘உங்கள் பெற்றோர் உறவினரா’ என்று பார்க்கும் கருவி ஒன்று உண்டு. அம்மாவிடமிருந்தும் அப்பாவிடமிருந்தும் ஒரே துண்டு வந்து சேர்ந்த இடங்களை அது கூட்டிச் சொல்லும். மாமன் மகள் அத்தை மகன் கல்யாணத்தில் பிறந்தவருக்கு மொத்தத்தில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 220-ஐ ஒட்டி எதிர்பார்க்கலாம். தாய்மாமனைக் கட்டியவரின் பிள்ளைக்கு எட்டில் ஒரு பங்கு, 440-ஐ ஒட்டி. சிவப்புக் கோடு எதுவும் போடாத வீட்டில் இந்த எண் பெரிதாக வந்தால், பாட்டியிடம் மறுபடி போய் உட்கார வேண்டும் என்று அர்த்தம்.

முறுக்கும் முறுக்குத் தூளும்

சரி, என் கதைக்கு வருகிறேன். பட்டியலில் டொரண்டோக்காரர் ஒருவர் 61 சென்டிமார்கனில் இருந்தார். அவருக்குக் கீழே டர்பனில் ஒரு பெண்மணி, 46. நான் 61-ஐப் பிடித்துக்கொண்டேன். எண் பெரிது, உறவு கிட்டம் என்று நினைத்தேன். ஒன்றரை வருடம் அவருக்குக் கடிதம் எழுதி, அவர் ஊரை விசாரித்து, இரண்டு கல்யாணங்களில் பெரியவர்களைத் துளைத்தெடுத்தேன். ஒன்றும் ஒட்டவில்லை.

பிறகுதான் மொத்தத்துக்குப் பக்கத்தில் இருந்த இன்னோர் எண்ணைப் பார்த்தேன்: மிக நீளமான துண்டு எவ்வளவு. டொரண்டோக்காரரின் 61, ஆறு துண்டுகளின் கூட்டு, நீளமானது 12. டர்பன் பெண்மணியின் 46 இரண்டே துண்டு, நீளமானது 34.

கைமுறுக்கு டப்பாவின் அடியில் கிடக்கும் தூள் எந்த வீட்டு முறுக்கு என்று யாராலும் சொல்ல முடியாது. முழு முறுக்கு என்றால் சுற்றைப் பார்த்தே இன்னார் கை என்று பாட்டி சொல்லிவிடுவார். டிஎன்ஏவும் அப்படித்தான். தலைமுறைக்குத் தலைமுறை துண்டுகள் உடைந்துகொண்டே வருகின்றன. நீளமான துண்டு முழுசாக வந்து சேர்ந்திருக்கிறது என்றால் பொது மூதாதை பெரும்பாலும் கிட்டத்தில் இருக்கிறார். பல தலைமுறையாக ஒரே வட்டத்துக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுத்த சமூகத்தில் எந்த இருவரை எடுத்தாலும் பழைய தூள் கொஞ்சம் ஒட்டியிருக்கும். ஆறு இடத்துத் தூளைக் கூட்டினால் பெரிய எண் வரும், ஆனால் ஆறும் ஆறு வேறு மூதாதையரிடமிருந்து வந்திருக்கலாம், அவர்கள் இருபது தலைமுறைக்கு முன்னால்கூட இருந்திருக்கலாம்.

இந்தியாவில் ஒன்றோடொன்று கலந்திருந்த மக்கள் ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன்பிருந்து தங்கள் வட்டத்துக்குள்ளேயே மணம் செய்யத் தொடங்கிவிட்டார்கள் என்று 2013-இல் வந்த மரபணு ஆய்வு ஒன்று கணித்தது. ஐதராபாத்தில் உள்ள சிசிஎம்பி என்ற உயிரியல் ஆய்வு மையத்தின் ஆய்வாளர்களும் அதில் பங்கெடுத்தார்கள். தூளுக்குக் காரணம் அதுதான்.

அதனால் நான் இப்போது பட்டியலை மொத்த எண்ணை வைத்துப் பார்ப்பதில்லை. நீளமான துண்டு 20-க்கு மேல் இருப்பவர்களை மட்டும் தனியாக ஒரு நோட்டில் எழுதுகிறேன். 30-க்கு மேல் என்றால் உடனே வேலையைத் தொடங்குகிறேன். 10-க்குக் கீழே மட்டும் துண்டுகள் இருப்பவரை, மொத்தம் எவ்வளவாக இருந்தாலும், தொடுவதில்லை. 7 சென்டிமார்கனுக்குக் கீழே இருக்கிற துண்டுகளில் பல உண்மையான பொருத்தமே இல்லை, டிஎன்ஏ எழுத்துகள் தற்செயலாக ஒத்துப்போனவை. இந்த 20, 30 எல்லாம் என் வீட்டுக்கு ஒத்துவந்த அளவு. உங்கள் தாளில் சிவப்புக் கோடு குறைவாக இருந்தால் நீங்கள் இன்னும் இறங்கி வரலாம்.

ஆன்செஸ்ட்ரி என்ற சோதனை நிறுவனத்தில் இன்னொரு விஷயம். பலருக்கும் பொதுவாக இருக்கிற பழைய துண்டுகளின் எடையை அவர்களே குறைத்துக் கணக்கிடுகிறார்கள். 90-க்குக் கீழே உள்ள மேட்சுகளில் எடை குறைத்த எண், குறைக்காத எண் இரண்டையும் பார்க்கலாம். அதே ஆள் வேறு தளத்தில் வேறு எண்ணோடு வந்தால் திகைக்க வேண்டாம்.

பொது மேட்ச்: உதவியும் வலையும்

இப்போது ஒரு மேட்சின் பெயரைத் தட்டினால், உங்களுக்கும் அவருக்கும் பொதுவாக யார் யார் மேட்ச் என்று இன்னொரு பட்டியல் விரியும். எல்லாவற்றிலும் பயனுள்ள பக்கம் இதுதான். உங்கள் சித்தியும் சோதனை செய்திருந்து, டர்பன் பெண்மணியின் பக்கத்தில் சித்தியின் பெயரும் வந்தால், உறவு அம்மா வழி என்று ஊகிக்கலாம். அப்பாவின் அத்தை பெயர் வந்தால் அப்பா வழி. இரண்டு பெயரும் சேர்ந்து வந்தால் உங்கள் சிவப்புக் கோட்டுக்குத் திரும்புங்கள்.

வலை எங்கே என்றால், மூன்று பேர் ஒருவருக்கொருவர் மேட்ச் என்பதால் மூவருக்கும் ஒரே மூதாதை என்று ஆகிவிடாது. எனக்கும் கந்தனுக்கும் என் அப்பா வழியில் உறவு இருக்கலாம். கந்தனுக்கும் வள்ளிக்கும் கந்தனின் அம்மா வழியில். வள்ளிக்கும் எனக்கும் என் அம்மா வழியில். மூன்று உறவும் உண்மை, மூன்றும் வேறு வேறு. ஒரு சம்பந்தி வீட்டார் கூடும் கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மூவரும் ஒருவருக்கொருவர் சொந்தம்தான், ஆனால் ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகளா?

அதைத் தெளிவாக்கத்தான் துண்டு எங்கே இருக்கிறது என்று பார்ப்பது. நமக்கு ஒவ்வொரு குரோமோசோமும் இரண்டு பிரதி, அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று. சோதனை இரண்டையும் பிரித்துச் சொல்வதில்லை. கந்தனும் வள்ளியும் என்னோடு 9-ஆம் குரோமோசோமில் ஒரே இடத்தில் ஒத்துப்போனால் மட்டும் போதாது, ஒருவர் அம்மா பிரதியிலும் மற்றவர் அப்பா பிரதியிலும் ஒத்திருக்கலாம். கந்தனும் வள்ளியும் தங்களுக்குள்ளும் அதே இடத்தில் ஒத்துப்போக வேண்டும். மூன்று பக்கமும் அடைந்தால்தான் முக்கோணம். மைஹெரிடேஜ் என்ற சோதனைத் தளத்தில் இதற்கென்று ஒரு சிறு குறி பெயருக்குப் பக்கத்தில் வரும். ஜெட்மேட்சில் நீங்களே இரண்டிரண்டு பேராக ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆன்செஸ்ட்ரியில் துண்டின் இடத்தைக் காட்டும் வசதி கிடையாது.

இன்னும் இரண்டு சின்ன எச்சரிக்கை. ஆன்செஸ்ட்ரி 20 சென்டிமார்கனுக்கு மேலிருப்பவர்களைத்தான் பொது மேட்சாகக் காட்டும், அதனால் பெயர் வராதது எதையும் நிரூபிக்காது. அடுத்து, ஒரே வீட்டில் அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு பேத்தி என்று நால்வர் சோதனை செய்திருந்தால் அது நான்கு சாட்சி ஆகாது. அம்மா ஒருத்தரின் சாட்சிதான்.

வண்ணம் தீட்டும் முறை ஒன்றும் பிரபலம். டேனா லீட்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 2018-இல் சொன்னது. 90-க்கும் 400-க்கும் இடைப்பட்ட மேட்சுகளை வரிசையாக எழுதி, முதல் ஆளுக்கும் அவரோடு பொதுவாக வருகிறவர்களுக்கும் ஒரு வண்ணம், அதில் சேராத அடுத்த ஆளுக்கும் அவர் கூட்டத்துக்கும் இன்னொரு வண்ணம் என்று போய்க்கொண்டே இருந்தால், கடைசியில் நான்கு வண்ணம் நிற்கும். நான்கு தாத்தா பாட்டியின் வழிகள். அமெரிக்கக் குடும்பம் ஒன்றுக்கு இதைப் போட்டுப் பார்த்தேன், அரைமணி நேரத்தில் கண்ணாடி போலத் தெரிந்தது. என் வீட்டுக்குப் போட்டேன். ஒவ்வொரு பெயருக்கும் மூன்று வண்ணம் விழுந்து, ஹோலிப் பண்டிகை போல ஆகிவிட்டது.

நம் வீடுகளுக்கு இதைக் கொஞ்சம் திருப்பிப் போட வேண்டும். யார் யாரோடு சேர்கிறார்கள் என்று பார்ப்பதை விட, யார் சேரவில்லை என்று பாருங்கள். எட்டுப் பூட்டன் பூட்டிகளில் ஒருவராவது வெளியூரிலிருந்து, பழைய சம்பந்தம் இல்லாத வீட்டிலிருந்து வந்திருப்பார். அவர் வழி ஆட்கள் மற்ற வண்ணங்களோடு கலக்காமல் தனியே நிற்பார்கள். அங்கிருந்து தொடங்குங்கள். ஒரு வழி உறுதியானால் அதை நீக்கிவிட்டு மீதியைப் பார்க்கலாம்.

இன்னொரு சிக்கல், 90-க்கும் 400-க்கும் இடையில் நம் பட்டியலில் ஆளே இருக்கமாட்டார்கள். நம்மில் சோதனை செய்தவர்களே குறைவு. அப்போது ஆளை நாமே உண்டாக்க வேண்டியதுதான். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் உங்களுக்கு வாங்காதீர்கள், வீட்டில் மிக மூத்தவருக்கு வாங்குங்கள். அவருக்கு அடுத்ததாக அப்பா அம்மாவின் பெரியப்பா, அத்தை பிள்ளைகள். சொந்தக் காசில் என் தம்பிக்கு ஒன்று வாங்கினேன், அதில் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. அம்மாவின் சித்தப்பாவுக்கு வாங்கியதுதான் கதவைத் திறந்தது.

டர்பன் பெண்மணி

அவர் என்னோடு 46. அம்மாவுக்குச் சோதனை செய்தபோது அவரோடு 98. அம்மாவின் சித்தப்பாவான தாத்தாவுக்கு அப்போது வயது 84. பல் இல்லாத வாயில் எச்சில் ஊறவில்லை, கன்னத்தைத் தடவித் தடவி அரைமணி நேரத்தில் குழாயை நிரப்பினோம். தாத்தாவுக்கும் டர்பன் பெண்மணிக்கும் இடையே 187. தலைமுறை மேலே போகப் போக எண் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது, மூவரும் 9-ஆம் குரோமோசோமில் அதே இடத்தில் அந்தப் பெண்மணியோடு பொருந்துகிறோம். தூள் இப்படி நடந்துகொள்ளாது.

தாத்தாவிடம் டர்பன் என்றேன். தெரியாது என்றார். தென்னாப்பிரிக்கா என்றேன். தெரியாது. பாட்டி அடுப்படியிலிருந்து, “நேட்டாலுக்குக் கப்பலேறிப் போனாரே உங்க பெரியப்பா, அந்த ஊரா?” என்றார். டர்பன் இருக்கிற பகுதிதான் நேட்டால். பாட்டி வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் மாமியார் சொல்லிக் கேட்டதாம். தாத்தாவுக்கே மறந்துபோயிருந்தது. தாத்தாவின் அப்பாவுடைய அண்ணன் என்றால், அந்தப் பெண்மணி அவருடைய கொள்ளுப்பேத்தியாக இருக்கலாம். எனக்கும் அவருக்கும் சராசரி 73, வந்தது 46. சரியாகத்தான் இருக்கிறது.

டிஎன்ஏ இவ்வளவுதான் சொல்லும். ஆளின் பெயரையும் ஊரையும் காகிதம்தான் சொல்ல வேண்டும். நேட்டாலைப் பொறுத்தவரை நமக்கு அதிர்ஷ்டம். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன ட்ரூரோ கப்பல் டர்பனில் கரை சேர்ந்ததிலிருந்து 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போனார்கள். ஆளுக்கு ஒரு வரி எழுதியிருக்கிறார்கள்: வரிசை எண், பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம். க்வாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் இந்தக் கப்பல் பட்டியல்களைப் பார்க்கலாம். மொரீஷியஸுக்குப் போனவர்களின் பதிவுகள் மோக்கா ஊரில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. கங்காணி வழியாக இலங்கைக்கும் மலேயாவுக்கும் போனவர்களுக்கு இப்படி ஆளுக்கு ஒரு வரி கிடைப்பது அரிது. அங்கே தோட்டத்தின் பெயர், கோயில் கல்வெட்டு, கல்லறை என்று சுற்ற வேண்டும். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களிடம் அந்தக் காலப் பயண ஆவணங்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

அங்கே உள்ள குடும்பப் பெயரை வைத்து அவசர முடிவுக்கு வராதீர்கள். முதலி ‘மூட்லி’ ஆனதும் நாயுடு ‘நாய்டூ’ ஆனதும் உச்சரிப்பு மாற்றம். ஆனால் கப்பலேறும்போது சொன்ன பெயர் ஊரில் இருந்த பெயராக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

கடிதம் எழுதுமுன்

இந்தப் பட்டியலில் இருக்கிற ஒவ்வொரு எண்ணும் யாரோ ஒருவர் வீட்டு ரகசியத்தைத் திறக்கக்கூடும். தத்துக் கொடுத்த பிள்ளை, சொல்லாமல் விட்ட முதல் கல்யாணம், மருத்துவமனையில் வாங்கிய விந்தணு. 1,700 போல ஒரு எண்ணோடு முன்பின் தெரியாதவர் வந்தால் அன்றே குடும்ப வாட்சப் குழுவில் போட்டுவிடாதீர்கள். பெரியவர்களைச் சோதிக்கும்போது இப்படியும் வரலாம் என்று முன்பே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். தரவு கசிவது பற்றியும் சொல்லுங்கள். 2023-இல் 23அண்ட்மீயில் நடந்த ஊடுருவலில் ஏறத்தாழ 69 லட்சம் பேரின் விவரம் வெளியே போனது. 2018-இல் கலிஃபோர்னியாவில் பழைய கொலை வழக்குகளின் குற்றவாளியைக் காவல்துறை பிடித்தது, ஜெட்மேட்ச் போன்ற தளங்களில் இருந்த தூரத்து உறவினர்களின் பட்டியலை வைத்துத்தான். அது நல்லதா கெட்டதா என்பது அவரவர் கருத்து, ஆனால் எச்சில் கொடுக்கிற தாத்தாவுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

கடிதம் சின்னதாக இருக்கட்டும். என் முதல் கடிதம் இரண்டு பக்கம், குடும்ப மரம் இணைப்பு, பன்னிரண்டு கேள்வி. பதில் வரவில்லை. இரண்டாவது கடிதத்தில் நான்கே வரி எழுதினேன். நான் யார், எந்த ஊர். என் அம்மாவும் அவருடைய சித்தப்பாவும் உங்களோடு பொருந்துகிறார்கள். எங்கள் தாத்தாவின் பெரியப்பா ஒருவர் 1900-களின் தொடக்கத்தில் நேட்டால் போனதாகக் கேள்வி. உங்கள் வீட்டில் எந்தச் சாமியைக் கும்பிடுவார்கள் என்று நினைவிருக்கிறதா? கேள்வி ஒன்றுதான். சாதி கேட்கவில்லை, சொத்து பற்றிப் பேச்சே இல்லை. நிலத்தில் பங்கு கேட்டு வருகிறார்களோ என்ற பயம் இரண்டு பக்கமும் உண்டு.

ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. தமிழ் தெரியாது, மன்னிக்கவும் என்று ஆங்கிலத்தில் தொடங்கியிருந்தார். அவருடைய பாட்டி வருடத்துக்கு ஒருமுறை வீட்டுப் பின்புறம் பச்சையம்மனுக்குப் பொங்கல் வைப்பாராம். அந்தச் சாமி எந்த ஊர்ச் சாமி என்று பாட்டிக்கும் தெரியாது. கூடவே பூட்டனின் வரிசை எண்ணையும் ஒரு பழைய சான்றிதழிலிருந்து எடுத்து அனுப்பியிருந்தார்.

அந்த எண்ணைக் கப்பல் பட்டியலில் தேடினேன். வட ஆற்காடு ஜில்லா, போளூர் தாலுகா, வயது 20, இடது புருவத்தில் தழும்பு. அப்பா பெயர் முனுசாமி. கிராமத்தின் பெயரை வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருந்ததால் எனக்குப் பிடிபடவில்லை. தாத்தா அதைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். வேகமாக வாசி என்றார். மூன்றாவது முறை வாசிக்கும்போது அவர் நிறுத்தச் சொல்லிவிட்டு, ஏரிக்கரைப் பக்கம் கையைக் காட்டினார். அங்கேதான் பச்சையம்மன் கோயில் இருக்கிறது.